நெய்ப்பந்தம் பிடித்த நாள்

1

மேனாம்பேட்டு வீட்டில் அப்பாவின் முதல் வருஷத் திதி. கீழே படையலுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மாடி அறையில் லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு, சிக்னல் எந்த மூலையில் கிடைக்கும் என்று அலைந்துகொண்டிருந்தேன். மதியம் ஒன்றரை மணிக்கு ஜெர்மனியிலிருந்து ஓர் அழைப்பு வர வேண்டும். அங்கே அப்போது காலை பத்து. நான் பதினோரு வருஷமாகக் குடியிருக்கும் சிற்றூரின் குழந்தைகள் நல அலுவலகத்து அதிகாரி ஒருவர், என்னோடும் என் மனைவி சுமதியோடும், முக்கியமாக எங்கள் ஒன்பது வயது மகள் கயலோடும் பேச விரும்புவதாக மின்னஞ்சலில் எழுதியிருந்தார்.

'விரும்புகிறேன்' என்றுதான் எழுதியிருந்தார். அந்த நாட்டு அலுவலகக் கடிதங்கள் எவ்வளவு மரியாதையாக இருக்கின்றனவோ அவ்வளவு பயமுறுத்தும். கடிதத்தின் சாரம் இதுதான்: கயல் பள்ளியில் வரைந்த படத்தைப் பற்றி அவள் சொன்னதும், தகப்பன் சொன்னதும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. நீங்கள் விடுமுறையில் ஊரில் இருப்பது தெரியும், காணொளியில் பேசினாலும் போதும், அடுத்த வாரம் முதல் நான் விடுப்பு, ஆகவே இந்த நாள், இந்த நேரம். கீழே கையெழுத்து.

வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்களிடம் ஒரு பயம் உண்டு. இங்கே இருக்கும் உங்களுக்கு அது அவ்வளவாகப் புரியாது. யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய்விட்டதாம் என்ற கதை ஒன்று, ஒவ்வொரு தமிழ்ச் சங்கப் பொங்கலிலும் சாம்பார் வாளியோடு சேர்ந்து சுற்றிவரும். அந்த 'யாரோ ஒருவரை' நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் கடிதம் வந்த நாளிலிருந்து நான்கு நாளாக நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தேதியை மாற்றிக் கேட்டால் ஊருக்கு ஓடிப்போய்விட்டார்கள் என்று எழுதிவிடுவாரோ என்று, திதி நாள் என்று தெரிந்தும் சரி என்று பதில் போட்டேன்.

2

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் கோடை விடுமுறைக்கு முன்பு ஒரு வாரம், மகிழ்ச்சி வாரம் என்று வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய சந்தோஷத்தை வரைய வேண்டும். சாதாரண சந்தோஷம் இல்லை, ஐஸ்கிரீம் சாப்பிட்ட சந்தோஷம் இல்லை, அதற்கும் மேலே உள்ளது என்று ஆசிரியை விளக்கியிருக்கிறார். அதற்கு அவர்கள் மொழியில் ஒரு பழைய சொல் இருக்கிறது, 'ஸேலிக்', பேரானந்தத்தில் இருப்பது என்று சொல்லலாம். தேவாலயத்தில் பாதிரியார் சொல்வார், தாய்மடியில் தூங்கும் குழந்தையைப் பார்த்துச் சொல்வார்கள். எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டு மூதாட்டி, செத்துப்போன தன் கணவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வதும் அதே சொல்தான். ஆரம்பத்தில் அது அவருடைய குடும்பப் பெயர் என்றே நான் எண்ணியிருந்தேன்.

கூடப் படிக்கும் பிள்ளைகள் கடற்கரை, நாய்க்குட்டி, பனிமலை என்று வரைந்தார்கள். என் மகள் வரைந்தது இது: தெரு முழுக்க ஆட்கள் கையைத் தூக்கி ஆடுகிறார்கள். மேளம். வெடிப்புகை. தரையெல்லாம் ரோஜா இதழ். நடுவே ஒரு நாற்காலியில் மாலை போட்ட ஒருவர், கண்ணை மூடி, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயத்தோடு. அவருக்கு முன்னால் பச்சைப் பாவாடையில் ஒரு சின்னப் பெண். அவளுடைய ஒரு கையில் எரிகிற பந்தம், இன்னொரு கையில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி. பெட்டியை அழுத்தி அழுத்தித் தீட்டியிருந்ததில் தாள் கிழியும் நிலைக்கு வந்திருந்தது. நெய் டப்பாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசிரியை என்னைப் பள்ளிக்கு அழைத்து, சிரித்த முகத்தோடுதான் கேட்டார். நாற்காலியில் இருப்பவர் யார் என்று. நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. எங்கள் ஊர்க் கோயில் திருவிழா, அது சாமி சிலை என்று சொல்லிவிட்டேன். ஓ, எவ்வளவு அழகு என்றார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். மறுநாள் வகுப்பில் கயல் எழுந்து நின்று, இது என் தாத்தா, இறந்துவிட்டார், எல்லோரும் ஆடினோம், என் கையில் நெருப்பு இருந்தது என்று விளக்கம் கொடுத்திருக்கிறாள். பள்ளி அதை நல அலுவலகத்துக்கு எழுதிவிட்டது.

ஊரில் ஒரு சாவைச் சந்தோஷமாக எடுத்துப்போவதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. அந்த அறையில், அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் வெட்கமாக இருந்தது. அந்த ஒரு நொடி வெட்கம்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது.

3

அப்பா போனது சென்ற வருஷம் ஆவணியில். வயது எண்பத்தெட்டு. தொழிற்பேட்டை எஸ்டேட் வருவதற்கு முன்னால் இங்கே வயல் வைத்திருந்தவர். வந்த பிறகு அதே மண்ணில் எழுந்த ஒரு பட்டறையின் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். ஐந்து பிள்ளைகள், பதினான்கு பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரன் இரண்டு. ஒருநாள் கூடப் படுக்கையில் கிடக்கவில்லை. காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர், அப்படியே போய்விட்டார். மேனாம்பேட்டில் இப்படிப் போகிறவருக்குக் கல்யாணச் சாவு. அழுதுகொண்டு எடுத்தால்தான் ஊர் குறை சொல்லும்.

சுமதியும் கயலும் விடுமுறைக்கு அப்போது இங்கேதான் இருந்தார்கள். நான் அங்கே. என் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். கையில் இருந்த தற்காலிகத் தாளில், நாட்டில் இருக்கலாம், வெளியே போனால் திரும்ப வர முடியாது என்று இருந்தது. அலுவலக வாசலில் போய் நின்றேன். வருந்துகிறோம் என்றார்கள். உண்மையாகவே வருந்தினார்கள், அதுதான் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பகல் மூன்று மணிக்கு எடுத்தார்கள். எனக்கு அது பதினொன்றரை, ஷிஃப்ட் இடைவேளை. மண்ணூர்பேட்டையில் லேத்தில் தொடங்கிய என் பிழைப்பு, அங்கே பெரிய மெஷினுக்கு முன்னால் தொடர்கிறது. உடை மாற்றும் அறையில், லாக்கர் வரிசைக்கு நடுவே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணன் முருகேசனை வீடியோவில் கூப்பிட்டேன். மேளம் காதைப் பிளந்தது. என் சித்தப்பா மகன் விசில் அடித்துக்கொண்டு ஆடினான். என் அக்காக்கள் சிரித்துக்கொண்டே பூ எறிந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு அப்பா செத்துப்போயிருக்கிறார், இவர்களுக்கு என்ன இவ்வளவு கொண்டாட்டம் என்று. இந்த வழக்கத்தில் பிறந்து, எத்தனையோ கல்யாணச் சாவில் நானே வேட்டியை மடித்துக் கட்டி ஆடியவன். அன்றைக்கு அதெல்லாம் நினைவுக்கே வரவில்லை. கேமராவை அணைத்தேன். பிறகு போனைப் பெஞ்சில் குப்புறக் கவிழ்த்துப் போட்டேன். சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அப்போது யூசுஃப் உள்ளே வந்தார். துருக்கிக்காரர், என் பக்கத்து மெஷின். மேளச் சத்தத்தைக் கேட்டு, ஊரில் கல்யாணமா என்றார். ஆமாம் என்றேன். வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து விஷயம் தெரிந்து வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உன் தகப்பன் இருக்கும் இடம் சொர்க்கமாகட்டும் என்றார். அவர்களுடைய வழக்கம் அது. பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆள் வைத்து எடுத்த அந்த ஊர்வல வீடியோவை அண்ணன் முழுசாக அனுப்பிவைத்தார். ஒரு வருஷமாக நான் அதைத் திறக்கவில்லை. இதற்கு நடுவில்தான் என் மகள், தன் ஒன்பது வருஷ வாழ்க்கையில் இதற்கு மேல் சந்தோஷமான நாள் இல்லை என்று அந்த நாளையே வரைந்து வைத்திருக்கிறாள். அதிகாரிக்கு அதில் என்ன சந்தேகமோ தெரியாது. எனக்கு அது வேறு மாதிரி வலித்தது. நான் இல்லாத நாள்தான் அவளுக்குப் பேரானந்தமா?

4

திதியன்று காலை ஸ்டீபன் ஆவடியிலிருந்து ஒரு ரவுட்டரும் நீட்டுவயரும் எடுத்துக்கொண்டு வந்தான். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஸ்டீபனுக்கு வயர், பிளக், ஃபியூஸ் எல்லாம் அத்துப்படி. கரண்ட் போனாலும் அழைப்பு அறுந்துவிடக் கூடாது என்று இன்வெர்ட்டரில் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அவன் குனிந்து வேலை பார்க்கும்போதே, மாடிப்படிக்குப் பக்கத்தில் சுமதி கயலை நிறுத்தி ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோயில் திருவிழா. சாமி சிலை. வகுப்பில் தாத்தா என்று சொன்னது, சாமியை நாங்கள் தாத்தா என்று கூப்பிடுவதால். கதையை ஜோடித்தவன் நான்தான். சுமதி பாவம், பயத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள். கயல் ஒருமுறை கூட ஏன் என்று கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் எதையும் முதல் வாய்ப்பிலேயே மறுத்துப் பேசுகிற பிள்ளை, அன்று தலையைத் தலையை ஆட்டினாள்.

ஸ்டீபன் கீழே உட்கார்ந்தபடியே சொன்னான். "மச்சான், அந்தப் புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுக்காத. மாட்டிப்பா. மாட்டலன்னா இன்னும் மோசம்."

உனக்கென்ன, உன் பிள்ளையை யாரும் எழுதிக் கேட்கவில்லை என்று அவனிடம் எரிந்து விழுந்தேன். அவன் பிளக்கைச் சொருகினான். எனக்கு அவனுடைய அப்பாவின் அடக்கம் ஞாபகம் வந்தது. குவார்ட்டர்ஸ் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில், இன்னார் இன்ன தேதியில் பேரின்ப வீட்டில் பிரவேசித்தார் என்று இருந்தது. எல்லோரும் வெள்ளை உடுத்தி, பாட்டுப் பாடி, சத்தமில்லாமல் அழுதார்கள். நான் அங்கே நின்றுகொண்டு, பேரின்ப வீட்டுக்குப் போனவருக்கு ஒரு மேளம்கூட இல்லையா என்று மனசுக்குள் குறைப்பட்டேன். எங்கள் தெருவில் மேளம் அடித்தபோது, இப்படியா ஆடுவார்கள் என்று குறைப்பட்டவனும் நானேதான். ஆனந்தம் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால், அடுத்தவன் செய்கிற விதத்தில் அது இல்லை என்பது ஒன்றைத்தான் அதுவரை நிச்சயமாகச் சொல்லியிருப்பேன்.

அண்ணன் முருகேசன் மாடிக்கு வந்தார். எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் மேஸ்திரி. அறுபதை நெருங்குகிறார், குரல் மட்டும் குறையவே இல்லை. விஷயத்தை அவரிடம் நான்கு நாளாக மறைத்து வைத்திருந்தேன். சொல்லித் தீர வேண்டியதாகிவிட்டது. முழுசாகக் கேட்டுவிட்டு அவர் கோபப்படவில்லை, குழம்பிப்போனார்.

"எம்பத்தெட்டு வயசுடா. ஒரு மனுசன் கையால ஒரு வாய் தண்ணி வாங்காம பூட்டாரு. இதுக்கு மோளம் வெக்காம இன்னாத்துக்கு வெப்பாங்க? இத போயி அந்தம்மாகிட்ட சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லியா?"

ஜெர்மன் மொழியில் அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை என்றேன். மெஷினைப் பற்றி, வாடகையைப் பற்றி, பல் வலியைப் பற்றிப் பேசுவேன். இதைப் பேசக் கற்கவில்லை. கடிதத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். பதினோரு வருஷம் ஆகிறதே என்ற கௌரவத்தில் வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

5

படையல் முடிந்தது. அப்பாவுக்குப் பிடித்த மொச்சைக் கொட்டைக் குழம்பு, வடை, பாயசம். கற்பூரம் காட்டி, மொட்டைமாடியில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, பந்தியில் உட்காராமல் நேராக அறைக்கு வந்தேன். கையில் விபூதி வாசனை. சுமதி சேலையைச் சரிசெய்துகொண்டு என் இடது பக்கம். கயல் நடுவில். அண்ணன் கதவோரம் நின்றார், போகச் சொல்லியும் போகவில்லை. ஸ்டீபன் ரவுட்டருக்குப் பக்கத்தில்.

சரியாக ஒன்றரைக்குத் திரை விழித்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, தலைமேல் ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடி, கையில் காப்பிக் கோப்பை. பெயர் பெர்கர் என்று சொல்லிக்கொண்டார். வெயில் எப்படி, பயணம் எப்படி என்று விசாரித்தார். வழக்கமான விசாரிப்புதான். எனக்கு ஒவ்வொரு கேள்வியும் வலையாகத் தெரிந்தது. பிறகு படத்தை எடுத்துக் கேமராவுக்கு நேரே பிடித்தார். கயல், இந்த நாற்காலியில் இருப்பவர் யார் என்று நீயே எனக்குச் சொல்கிறாயா என்றார்.

கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. சொல்லிவிடட்டுமா, உனக்காகச் சொல்கிறேன் என்கிற ஒரு பொறுமை இருந்தது. ஒன்பது வயதுக்கு அது ஆகாத பொறுமை. உதடு 'கோயில்' என்ற சொல்லுக்குக் குவிவதைப் பார்த்தேன். கீழே, அப்பா படத்துக்கு முன்னால் இலை இன்னும் எடுக்காமல் இருக்கிறது. மேலே, அவர் பேத்தி அவரைச் சிலை என்று சொல்லப்போகிறாள்.

"அது என் அப்பா," என்று நான் முந்திக்கொண்டேன். "இறந்துபோன என் அப்பா. ஆசிரியையிடம் நான் சொன்னது பொய். என் மகள் சொன்னதுதான் உண்மை."

சுமதி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று பெர்கர் கேட்டார். பயம் என்றேன். வேறு காரணம் கண்டுபிடிக்க எனக்கு அந்த மொழி போதவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. அவர் எதையோ எழுதினார்.

பிறகு அவர் நிமிர்ந்து, ஆடுவது தன் கேள்வியே இல்லை என்றார். அவருடைய கிராமத்திலும் அடக்கம் முடிந்து எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்களாம், சாயங்காலத்துக்குள் யாராவது செத்தவரைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார்களாம். நெருப்பைப் பற்றிக் கேட்டார். அது நெய்யில் நனைத்த துணிப்பந்தம், பேரப்பிள்ளைகள் ஏந்திக்கொண்டு மூன்று முறை சுற்றி வந்தால், போகிறவருக்கு வழி தெரியும் என்பது நம்பிக்கை என்று எனக்குத் தெரிந்த வார்த்தைகளை ஒட்டவைத்துச் சொன்னேன். கூடப் பெரியவர் யாராவது இருந்தார்களா என்று கேட்டார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவர் இவர்தான் என்று கதவோரம் நின்ற அண்ணனைக் காட்டினேன். அண்ணன் எதற்கென்று தெரியாமலே கும்பிட்டார்.

"சரி, என் கேள்விக்கு வருகிறேன்," என்றார் பெர்கர். படத்தில் அந்தக் கறுப்புப் பெட்டியின்மேல் விரலை வைத்தார். "படம் முழுக்க இவ்வளவு வண்ணம். இது மட்டும் தாள் கிழியும் அளவுக்குக் கறுப்பு. இது என்ன?"

நெய் டப்பா என்று சொல்ல நான் வாயெடுத்தேன். கயல் இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஜெர்மன் மொழியில் பேசத் தொடங்கினாள். வழக்கமாக அவள் அந்த மொழியில் பேசினால் எனக்குப் பாதிதான் பிடிபடும், மீதியைத் தலையாட்டிச் சமாளிப்பேன். அன்று ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

அது அப்பா என்றாள். பெரியப்பாவின் போன். நான்தான் கேட்டு வாங்கினேன். ஒரு கையில் தாத்தாவுக்கு வெளிச்சம், ஒரு கையில் அப்பா. மூன்று சுற்றும் அப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் சுற்றினேன். அப்பா கேமராவை அணைத்துவிட்டார், அதனால்தான் கறுப்பு. வேறு வண்ணம் அடித்தால் பொய்யாகிவிடும்.

ஏன் அந்த நாள் உனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய மகிழ்ச்சி என்று பெர்கர் கேட்டார்.

எல்லோரும் இருந்தோம், அதனால்தான் என்றாள் கயல். அங்கே எங்கள் வீட்டில் எப்போதும் மூன்று பேர்தான். அன்றைக்கு எல்லோரும் இருந்தோம். தாத்தா இருந்தார். அப்பாவும் இருந்தார்.

பெர்கர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தனக்கு வேறு கேள்வி இல்லை என்றும், இந்த விசாரணையை மூடிவிடுவதாகவும், அதைக் கடிதமாகவும் அனுப்புவதாகவும் சொன்னார். இனிமேல் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே சொல்லுங்கள் என்றும் சொன்னார். நன்றி என்றேன். நான்கு நாளாக நான் எதற்காகத் தவித்தேனோ அது முடிந்துவிட்டது. சுமதிக்கு வார்த்தைகள் முழுசாகப் புரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். எனக்கு மட்டும் எதுவும் லேசாகவில்லை.

"இன்னாடா சொல்லுது பாப்பா?" என்றார் அண்ணன். அவருக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. நான்தான் தமிழில் சொல்ல வேண்டும்.

"அந்தக் கறுப்புப் பொட்டி நான்தானாம்ணா," என்றேன். "என்னையும் கூட்டிகினு சுத்துனாளாம்."

"ஆமாடா. போன என் கையில இருந்து புடுங்கிகினா. எங்கப்பா பாக்கணும் பெரிப்பான்னா. நீ பாத்துகினு கீறேன்னுதான் நானும் நெனச்சேன்."

கயல் இப்போது என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். ஒரு வருஷமாக ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே பஸ்ஸில் போய் வந்தவள், இதை ஒருமுறையும் கேட்டதில்லை. இப்போது தமிழில் கேட்டாள். "நீ பாத்தியாப்பா?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். யூசுஃபிடம் ஒன்று, ஆசிரியையிடம் ஒன்று, மூன்றாவதும் சுலபமாக வந்திருக்கும். அவள் கண்ணில் ஏற்கெனவே எனக்காக அந்தப் பொறுமை வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

"பாக்கலம்மா. போனக் குப்புறப் போட்டுட்டேன்."

அவள் அழவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, "பெரிப்பா, அந்த வீடியோ கீதா?" என்றாள். விடுமுறைக்கு வந்து மூன்று வாரத்தில் மேனாம்பேடு அவள் வாயில் ஏறிவிட்டிருந்தது. ஸ்டீபன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அண்ணன் போனை எடுத்துத் தேடி அவள் கையில் கொடுத்தார்.

என் மடியில் உட்கார இப்போது அவளுக்கு உயரம் இடம் கொடுக்காது. இருந்தும் உட்கார்ந்தாள். போனை என் முகத்துக்கு நேராக, ஓரடி தூரத்தில் பிடித்தாள். மேளம் தொடங்கியது. லேப்டாப்பில் பெர்கர் விடைபெறாமல் இருந்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெடிப்புகை விலகியது. அப்பா நாற்காலியில், மாலைக்கு நடுவே, எப்போதும் வாசலில் உட்கார்ந்திருக்கும் அதே நிமிர்வோடு இருந்தார். பச்சைப் பாவாடையில் கயல் சுற்றி வந்தாள். ஒரு கையில் பந்தம், அந்த மணிக்கட்டை அண்ணன் பிடித்திருந்தார். இன்னொரு கையைத் தோளுக்கு மேல் தூக்கி, இருண்ட ஒரு போனை எல்லோருக்கும் மேலே உயர்த்திப் பிடித்திருந்தாள். கை வலித்திருக்கும். இறக்கவில்லை. மூன்றாவது சுற்றில் தாத்தாவுக்கு நேரே வந்து நின்றாள். போனை அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மேளச் சத்தத்துக்கு மேலே அதனிடம் ஏதோ கத்திச் சொன்னாள்.

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"தாத்தா கெளம்புறாருப்பா, பாருன்னு."

பார்த்தேன்.